செட்டிநாட்டு மாணவர்களுக்குப் பயன்பாட்டுக் கணிதம்: எந்தப் பாடம், எந்த வரிசையில், எதற்காக

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் பிளஸ் டூ முடித்துவிட்டு "அப்ளைடு மேத்ஸ் படிக்கணும், எங்கே சேரலாம்?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெயரில் இளங்கலைப் பட்டம் இந்த வட்டாரத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே பரவலாகக் கிடைப்பது பி.எஸ்சி. கணிதம். சில கல்லூரிகளில் கணினிப் பயன்பாட்டோடு சேர்ந்த கணிதம், அதாவது பி.எஸ்சி. மேத்ஸ் சி.ஏ. இருக்கிறது. சான்றிதழில் "பயன்பாடு" என்ற சொல் இல்லாமல் போவதால் ஒரு குறையும் வந்துவிடாது. எந்த அலைடு (துணைப்பாடம்), எந்த எலக்டிவ் (விருப்பப் பாடம்), எந்தப் பாடத்தை எப்போது உறுதியாகப் படித்தீர்கள் என்பதில்தான் அது பயன்பாட்டுக் கணிதமாகிறது. அதற்கான முடிவுகளில் பாதி, கல்லூரி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் எடுக்க வேண்டியவை. அதனால்தான் ஆறு செமஸ்டரையும் முதல் வாரத்திலேயே ஒரே தாளில் எழுதிப் பார்க்கச் சொல்கிறோம்.

சேருவதற்கு முன்

பிளஸ் டூவில் கணிதம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். வணிகக் கணிதம் மட்டும் படித்தவர்கள், விண்ணப்பிக்கும் கல்லூரியின் தகுதி விதியை வரிக்கு வரி படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். புள்ளியியல் பட்டத்துக்கு ஏற்கும் கல்லூரிகூடக் கணிதப் பட்டத்துக்கு ஏற்காமல் போகலாம்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பம். பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தை ஒட்டித் திறப்பார்கள். கணிதப் பட்டத்துக்கான தரவரிசையில் மொழிப்பாடங்கள் சேராது. மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண் 400-க்குக் கணக்காகும். காரைக்குடியில் 1947-இல் தொடங்கிய அழகப்பா அரசு கலைக் கல்லூரி இந்த வழியில் வரும். அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் அந்தந்தக் கல்லூரியிலேயே தனி விண்ணப்பம்.

செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் பரந்து கிடப்பதால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துக் கல்லூரி என்றால் அழகப்பா பல்கலைக்கழகம். மேலைச்சிவபுரி, பொன்னமராவதி பக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்லூரி என்றால் பாரதிதாசன் பல்கலைக்கழகம். வீட்டிலிருந்து இரண்டும் ஒரே தூரமாக இருக்கலாம்; பாட வரிசை ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வருடம் படித்துவிட்டு மற்றதற்கு மாற நினைத்தால், அங்கே முதல் வருடத்தில் முடிந்த ஏதாவது ஒரு தாளை நீங்கள் கூடுதலாக எழுத வேண்டி வரலாம். சேரும்போதே பஸ் வசதியை யோசித்து முடிவெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். பெயர் எழுத்து ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தாலும், வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாமல் இருந்தாலும் பணம் நின்றுபோகும். இவற்றை ஜூன் மாதத்துக்குள் சரிசெய்துவிடுங்கள்.

140 கிரெடிட் எங்கே போகிறது

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கல்லூரிகளில் மூன்று வருடப் பட்டத்துக்கு 140 கிரெடிட் (கிரெடிட் என்பது ஒவ்வொரு தாளுக்கும் உள்ள எடை எண்). பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம். இரண்டும் முதல் நான்கு செமஸ்டரில். பகுதி 3-இல்தான் மேஜர் (முதன்மைப் பாடம்), அலைடு, எலக்டிவ் எல்லாம். பகுதி 4-இல் திறன் தாள்கள், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி. பகுதி 5 என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணி. பகுதி 5-க்குக் கிரெடிட் குறைவு என்று அலட்சியமாக விட்டால் எல்லாத் தாளிலும் தேறியும் பட்டம் நிற்கும்.

வாரத்துக்கு ஆறு டே ஆர்டர் (வகுப்பு அட்டவணை நாள்), நாளுக்கு 5 மணி, ஆக 30 மணி. செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 விழுக்காடு வருகை வேண்டும் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். கையில் இருப்பது 22 நாள் மட்டுமே. கோயில் திருவிழா, வீட்டுக் கல்யாணம், காய்ச்சல் எல்லாம் அந்த 22-க்குள் அடங்க வேண்டும்.

மதிப்பெண் பொதுவாக இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டா, கூட்டி வந்தால் போதுமா என்பதை உங்கள் கல்லூரி விதிமுறைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்டர்னலில் 23 வாங்கிய துணிச்சலில் வெளித்தேர்வில் கோட்டைவிடுவது முதல் வருடத்தில் அடிக்கடி நடக்கிறது.

சி.ஜி.பி.ஏ. (பத்துப் புள்ளி அளவில் எல்லாத் தாள்களின் சராசரி; பத்து மதிப்பெண் ஒரு புள்ளி) கணக்கு கிரெடிட்டைப் பொறுத்தது. ஒரு செமஸ்டரில் 23 கிரெடிட் என்று வையுங்கள். 5 கிரெடிட் மேஜர் தாளில் 60-ஐ 70 ஆக்கினால் அந்த செமஸ்டர் சராசரி 5 ÷ 23, அதாவது 0.22 ஏறும். 2 கிரெடிட் தாளில் அதே பத்து மதிப்பெண் 0.09 மட்டுமே ஏற்றும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எந்தத் தாளுக்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்று குழம்பினால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஓர் ஊருணியும் ஏழு பாடங்களும்

எந்தப் பாடம் எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதைப் பட்டியலாகப் படித்தால் மனதில் நிற்காது. உங்கள் ஊர் ஊருணியை எடுத்துக்கொள்வோம். கேள்வி எளியது: ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த ஊருணி எத்தனை நாளில் வற்றும்?

முதலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆழம் 2 மீட்டர் என்றும், மேற்பரப்பிலிருந்து அரை அரை மீட்டராக இறங்கும்போது நீர்ப்பரப்பு 1200, 1080, 940, 790, 620 சதுர மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். பரப்பைத் தொகையிட்டால் கொள்ளளவு. ஆனால் நம்மிடம் சூத்திரம் இல்லை, ஐந்து எண்கள்தான் இருக்கின்றன. இங்கே தொகை நுண்கணிதமும் எண்ணியல் முறையும் சேர்ந்து வருகின்றன. சிம்சன் விதிப்படி இரு ஓர எண்களை ஒரு முறையும், இரண்டாவதையும் நான்காவதையும் நான்கு மடங்காகவும், நடு எண்ணை இரு மடங்காகவும் கூட்டினால் 11,180. அதை 0.5 ÷ 3 ஆல் பெருக்கினால் 1,863 கன மீட்டர். சரிவக விதியில் 1,860 வரும். இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்தால் கணக்கில் பெரிய பிசகு இல்லை என்று நம்பலாம்.

இதில் வழக்கமாகத் தவறுவது ஒன்று உண்டு. சிம்சனின் மூன்றில் ஒரு பங்கு விதிக்குப் பட்டைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஆழம் 2.5 மீட்டர் ஆகி ஐந்து பட்டை வந்தால் அந்த விதியை அப்படியே போடக் கூடாது. முதல் இரண்டு பட்டைக்கு அதையும், மீதி மூன்றுக்கு எட்டில் மூன்று பங்கு விதியையும் போட வேண்டும்.

அடுத்தது வற்றும் வேகம். ஆவியாகிப் போவது நாளுக்கு 6 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதோடு தரைக்குள் கசிவதும் உண்டு. ஆழம் அதிகமாக இருந்தால் அழுத்தம் அதிகம், கசிவும் அதிகம். நாளொன்றுக்கு ஆழத்தில் நூற்றில் ஒரு பங்கு கசிகிறது என்று கொண்டால், ஆழம் குறையும் வேகம் = 0.006 + 0.01 × ஆழம். இதுதான் முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு. தீர்த்தால், வற்ற ஆகும் நாள் = 100 × இயல் மடக்கை (2.6 ÷ 0.6) = ஏறத்தாழ 147. கசிவை விட்டுவிட்டு ஆவியாதலை மட்டும் கணக்கில் எடுத்தால் 2 ÷ 0.006, அதாவது 333 நாள் வரும். எதைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதில் விடை பாதிக்குக் கீழே போய்விடுகிறது. கணித மாதிரியாக்கம் என்ற தாளின் சாரம் இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது.

தொகையிடும்போது வெளியே வர வேண்டிய 1 ÷ 0.01 என்ற பெருக்கியை விட்டுவிடுவதுதான் இந்தக் கணக்கில் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை. விட்டால் விடை 1.47 நாள். இரண்டு மீட்டர் ஊருணி ஒன்றரை நாளில் வற்றாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கேள்வித்தாளின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் மறந்துபோகிறது. விடைக்குக் கீழே கோடு போடும் முன் அலகோடு சேர்த்து ஒரு முறை வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தை முதல் செமஸ்டரிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 0.01 எங்கிருந்து வந்தது? வாராவாரம் ஆழத்தை அளந்து, அளவுகளுக்கு ஏற்ற நேர்க்கோட்டைப் பொருத்திக் கண்டுபிடிக்க வேண்டும். பொருத்துவது மீச்சிறு வர்க்க முறை, அதற்கு அணிகள் வேண்டும்: நேரியல் இயற்கணிதம். வந்த எண்ணில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று சொல்வது புள்ளியியல். அடுத்த வருடம் மழை எப்படி இருக்கும் என்பது நிகழ்தகவு. இருபது ஊருணிக்கு இதையே திரும்பத் திரும்பச் செய்ய நிரல் எழுத வேண்டும். ஆக ஒரு கேள்விக்குத் தொகை நுண்கணிதம், எண்ணியல் முறைகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், புள்ளியியல், நிகழ்தகவு, நிரலாக்கம் என ஏழு பாடம். உலகத்தில் எங்கே பயன்பாட்டுக் கணிதப் பட்டம் கொடுத்தாலும் இந்த ஏழும் அதன் நடுவில் இருக்கும்.

சங்கிலி எங்கே அறுகிறது

நம் கல்லூரிகளின் பாட வரிசை பெரும்பாலும் இப்படிப் போகும். முதல் வருடம் இயற்கணிதமும் முக்கோணவியலும், வகை நுண்கணிதம், பகுமுறை வடிவியல், தொகை நுண்கணிதம். இரண்டாம் வருடம் வெக்டர் நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், புள்ளியியல், பகுப்பாய்வின் தொடக்கம். மூன்றாம் வருடம் நுண்புல இயற்கணிதம் (அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா), மெய்ப் பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்), நேரியல் இயற்கணிதம், கலப்பெண் பகுப்பாய்வு, இயக்கவியல். பெயரும் இடமும் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும்.

இரண்டாம் செமஸ்டர் தொகை நுண்கணிதத்தில் அரியர் வைத்தால் மூன்றாம் செமஸ்டர் வகைக்கெழுச் சமன்பாடு புரியாது. அது புரியாவிட்டால் ஐந்தாம், ஆறாம் செமஸ்டர் இயக்கவியல் ஓடாது. வேறு எந்தத் தாளின் அரியரையும் பிறகு எழுதிக்கொள்ளலாம். இந்த ஒரு தாளை முதல் வருட விடுமுறையிலேயே உட்கார்ந்து தீர்த்துவிடுங்கள். பகுதி தொகையிடல், பகுதிப் பின்னம், பிரதியிடல் ஆகிய மூன்றிலும் சேர்த்து நாளுக்கு ஐந்து கணக்கு, ஆறு வாரம் போட்டால் 210 கணக்கு ஆகிறது. கை பழகிவிடும்.

நேரியல் இயற்கணிதம் பல இடங்களில் கடைசி வருடத்தில்தான் வருகிறது. பயன்பாட்டுக் கணிதம் படிக்க நினைப்பவருக்கு இது மிகவும் தாமதம். ஐகென் மதிப்பு (அணி ஒரு வெக்டரைத் திசை மாற்றாமல் எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்) தெரியாமல் வகைக்கெழுச் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க முடியாது. தரவு அறிவியல் பக்கமும் எட்டிப் பார்க்க முடியாது. மூன்றாம் செமஸ்டரிலேயே நூலகத்தில் ஒரு நேரியல் இயற்கணிதப் புத்தகம் எடுத்து, வெக்டர் வெளி, அடிக்கணம், தரம், ஐகென் மதிப்பு இந்த நான்கையும் சொந்தமாகப் படித்து வைத்துவிடுங்கள். வகுப்பில் வரும்போது அது இரண்டாம் வாசிப்பாக இருக்கும்.

மெய்ப் பகுப்பாய்வுதான் நிறையப் பேரைத் திகைக்கவைக்கும் தாள். பள்ளியிலிருந்து அதுவரை கணக்குப் போட்டு வந்தவர்கள் திடீரென்று நிரூபணம் எழுத வேண்டியிருக்கிறது. மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். மனப்பாடம் இங்கே கைகொடுக்காது, கேள்வியில் ஓர் எண்ணை மாற்றினால் சரிந்துவிடும். ஒன்றைப் பொறுமையாகச் செய்து பாருங்கள். ந-ஆவது உறுப்பு (2ந + 1) ÷ (ந + 3) ஆக உள்ள தொடர்முறையின் எல்லை 2 என்று காட்ட வேண்டும். உறுப்புக்கும் 2-க்கும் உள்ள இடைவெளி 5 ÷ (ந + 3). எதிராளி எப்சிலானை (எவ்வளவு நெருங்க வேண்டும் என்ற சிறு எண்ணை) 0.01 என்று கொடுத்தால், ந 497-ஐத் தாண்டியதும் இடைவெளி அதற்குக் கீழே போய்விடுகிறது. 0.001 என்று கொடுத்தால் 4,997-ஐத் தாண்ட வேண்டும். பொதுவாக 5 ÷ எப்சிலான், கழித்தல் 3. நிரூபணம் அவ்வளவுதான்: அவர் எப்சிலானைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு நாம் எண்ணைச் சொல்ல வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக எழுதினால் மதிப்பெண் போய்விடும். இரண்டாம் வருடத்திலேயே இப்படி முப்பது தொடர்முறைக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஐந்தாம் செமஸ்டரில் பயம் இருக்காது.

நுண்புல இயற்கணிதத்தைப் பயன்பாட்டுக்காரருக்கு வேண்டாத தாள் என்று ஒதுக்குகிறார்கள். வேண்டாம், ஒதுக்காதீர்கள். சமச்சீரான பூ வேலை செய்த ஆத்தங்குடிக் கல் ஒன்றைக் கையில் எடுங்கள். கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று, சுற்றாமல் விடுவது என நான்கு. கண்ணாடி போலப் புரட்டுவதில் நான்கு. ஆக எட்டுச் செயலிலும் படம் அப்படியே இருக்கும். கல்லின் ஒரு மூலையில் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு, கால் சுற்றுச் சுற்றிப் பிறகு இடம்வலமாகப் புரட்டுங்கள். பிறகு வரிசையை மாற்றிச் செய்யுங்கள். புள்ளி வேறு மூலைக்குப் போயிருக்கும். பரிமாற்று விதி பொருந்தாத குலம் (குரூப்) உங்கள் வீட்டுத் தரையிலேயே இருக்கிறது. குறியாக்கம், படிகவியல் இரண்டும் இந்தப் பாடத்தின் மேல்தான் நிற்கின்றன.

அலைடு: இயற்பியலா, புள்ளியியலா

பல கல்லூரிகளில் அலைடைத் துறையே முடிவுசெய்துவிடும். தேர்வு உங்கள் கையில் இருந்தால், நீங்கள் போக நினைக்கும் திசையைப் பொறுத்து எடுங்கள். எரிசக்தி, பொருளறிவியல், பொறியியல் பக்கம் என்றால் இயற்பியல். காரைக்குடியிலேயே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துறையை எடுத்துக்கொள்ளுங்கள்: பேட்டரிக்குள் அயனி நகர்வதை எழுதப் பரவல் சமன்பாடு வேண்டும், அது பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. இயற்பியல் தெரியாதவருக்கு அந்தச் சமன்பாடு வெறும் எழுத்துக் கூட்டம். காப்பீடு, வங்கி, தரவு பக்கம் என்றால் புள்ளியியல்.

இயற்பியல் எடுத்தால் செய்முறை வகுப்பும் ரெக்கார்டு நோட்டும் உண்டு. ரெக்கார்டில் கையெழுத்து வாங்காமல் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுக் கடைசி வாரம் ஓடுபவர்கள் செய்முறைத் தேர்வை எழுத முடியாமல் தவிப்பார்கள்.

வட்டிக்கடைக் கணக்கு இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 12 விழுக்காடு. ஒரு லட்சத்துக்குத் தனிவட்டியில் வருடக் கடைசியில் 1,12,000. மாதாமாதம் வட்டிக்கு வட்டி போட்டால் 1,12,682 ரூபாய் 50 காசு. நொடிக்கு நொடி போட்டாலும் 1,12,749 ரூபாய் 69 காசோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. ஏன் நிற்கிறது என்ற கேள்வி எல்லைக்கும் அடுக்குக்குறிச் சார்புக்கும் கொண்டுபோகும். இதில் ருசி கண்டவர்கள் காப்பீட்டுக் கணிப்பியலை யோசிக்கலாம். இந்திய ஆக்சுவரிகள் கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வைப் பட்டம் படிக்கும்போதே எழுதலாம்.

கணினி

நிரலாக்கத் தாள் பாடத்திட்டத்தில் இருக்கும். அதில் பெரும்பகுதி தாளில் எழுதிப் பழகுவதோடு முடிந்துவிடும். அது போதாது. பைத்தான் நிரல்மொழியை முதல் வருட விடுமுறையில் பிடியுங்கள். மடிக்கணினி இல்லாதவர்கள் கல்லூரி ஆய்வகத்தில் வாரம் மூன்று மணி கேட்டு வாங்குங்கள். வளைகோடு வரைந்து பார்க்க ஜியோஜீப்ரா கைபேசியிலேயே ஓடும்.

முதல் மாதத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: நேரத்தைச் சுழியத்தில் தொடங்கி 0.1 ஆகக் கூட்டிக்கொண்டே போய், சரியாக 1 ஆனதும் நிறுத்து என்று எழுதுவார்கள். நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கணினி இரும எண்ணில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாததால் பத்து முறை கூட்டினால் வருவது 0.9999999999999999, அது 1-க்குச் சமம் ஆகாது. சமமா என்று கேட்காமல், வித்தியாசம் மிகச் சிறியதா என்று கேட்க வேண்டும், அல்லது படிகளை முழு எண்ணில் எண்ண வேண்டும். எண்ணியல் முறைகள் என்ற தாள் முழுவதும் இந்தச் சிறு பிழைகள் வளருமா அடங்குமா என்ற விசாரணைதான்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள்

கணிதம் தெரியும், ஆங்கிலப் புத்தகம்தான் தடுக்கிறது என்றால் அதற்கு மூன்று மாத வேலை போதும். ஒரு தனி நோட்டில் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். முக்கியமாகத் தமிழில் ஒன்றுபோல் ஒலிக்கும் மூன்று: தொடர்முறை என்பது சீக்வென்ஸ், தொடர் என்பது சீரிஸ், தொடர்ச்சி என்பது கன்டினியூட்டி. இவற்றைக் குழப்பிக்கொண்டால் பகுப்பாய்வில் கேள்வியே வேறாகிவிடும். அணி என்றால் மேட்ரிக்ஸ், அணிக்கோவை என்றால் டிட்டர்மினன்ட். ஒன்று எண்களின் அடுக்கு, மற்றது ஒரே எண். குலம் என்பது குரூப், களம் என்பது ஃபீல்டு, கணம் என்பது செட். வரையறையை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

விட்டுப்போனதை நிரப்ப

பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், எண்ணியல் முறைகள், உகப்பாக்கம் மூன்றும் எலக்டிவில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். சுலபமாக மதிப்பெண் வரும் என்று வேறு எலக்டிவ் எடுப்பதில் நண்பர்களோடு ஒரே வகுப்பில் உட்காரலாம் என்பதைத் தவிர லாபம் இல்லை. உங்கள் கல்லூரியில் அவை இல்லாவிட்டால் ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இருக்கின்றன, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். பாடம் கேட்க இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75. அந்தக் கிரெடிட்டைப் பட்டத்தில் சேர்க்க வேண்டுமென்றால் பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் (எச்.ஓ.டி.) எழுத்தில் அனுமதி வாங்குங்கள். படித்து முடித்துச் சான்றிதழோடு போய்க் கேட்டால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

எம்.எஸ்சி. திசையில்

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஒரு விடை தேர்வு செய்யும் 30 கேள்விகளில் மட்டும் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும்; பல விடை கேள்வியிலும் எண் விடை கேள்வியிலும் கழிவு இல்லை, அதனால் அவற்றில் எதையும் காலியாக விடாதீர்கள். பாடப்பகுதி மெய்ப் பகுப்பாய்வு, பலமாறி நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, நேரியல் இயற்கணிதம், குலங்கள். விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில், தேர்வு பிப்ரவரியில். ஆறாம் செமஸ்டரில் நேரியல் இயற்கணிதம் நடத்தும் கல்லூரி என்றால் பாதிப் பாடம் முடிவதற்குள் தேர்வு வந்துவிடும். மூன்றாம் செமஸ்டரிலேயே படிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இராமானுஜன் உயர்கணித நிறுவனத்திலும் எம்.எஸ்சி. உண்டு. இராமானுஜன் பெயரில் அந்த நிறுவனத்தை 1950-இல் சென்னையில் தொடங்கிவைத்தவர் நம் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் என்பதைக் கணிதம் படிக்கப்போகும் இந்த ஊர்ப் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கடைசி செமஸ்டர் புராஜெக்ட்

இணையத்தில் கிடைக்கும் பழைய புராஜெக்டைத் தட்டச்சு செய்து கொடுப்பவர்களுக்கு நேர்முகத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆறாம் செமஸ்டர் மழை ஓய்ந்த பிறகு, ஊருணி நிறைந்திருக்கும் நேரத்தில் தொடங்குவதால் மேலே சொன்ன கணக்கையே நிஜமாகச் செய்யலாம். படித்துறையில் ஒரு படியை அடையாளம் வைத்து, அங்கிருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழே என்று அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள். காற்று எழும் முன், விடியற்காலையில் அளக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு அலையில் ஒரு சென்டிமீட்டர் முன்பின் ஆகும்.

தினமும் அளந்து நாளுக்கு நாள் வித்தியாசம் எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். 2 மீட்டர் ஆழத்தில் ஒரு நாள் குறைவு 2.6 சென்டிமீட்டர், இரண்டு அளவிலும் ஒரு சென்டிமீட்டர் பிழை என்றால் வித்தியாசத்தில் 2 சென்டிமீட்டர் வரை பிழை, மிச்சம் ஒன்றும் இல்லை. ஒரு வாரத்தில் 17.6 சென்டிமீட்டர் குறையும். அதில் 2 சென்டிமீட்டர் பிழை பொறுத்துக்கொள்ளக்கூடியது. பத்து வாரம் அளந்து, வாரக் குறைவை அந்த வாரச் சராசரி ஆழத்துக்கு எதிரே வரைந்தால் ஏறக்குறைய ஒரு நேர்க்கோடு கிடைக்கும். சாய்வை 7 ஆல் வகுத்தால் கசிவு, வெட்டுத்துண்டை 7 ஆல் வகுத்தால் ஆவியாதல். நடுவில் மழை பெய்த வாரத்தையும், மோட்டார் வைத்துத் தண்ணீர் எடுத்த வாரத்தையும் நீக்கிவிட்டு, நீக்கிய காரணத்தை அறிக்கையில் எழுதுங்கள். அறிக்கையைக் கணிதக் குறிகளை அழகாக அச்சிடும் லேடெக்ஸ் மென்பொருளில் தட்டச்சு செய்யுங்கள். ஊருணிக் கரையில் எழுதிய நோட்டை நகல் எடுக்காமல், அடித்தல் திருத்தலோடு அப்படியே பின்னிணைப்பாக வைத்துக் கொடுங்கள்.